பழைய ஐஎஸ்டிஎன் கார்டு இரண்டு கிடைத்திருக்கிறது: லினக்ஸா, பிஎஸ்டியா? எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் ஓடுமா?

லேப்சாவி:

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்யூனிகேஷன் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பாடத்தில் ஐஎஸ்டிஎன் (தொலைபேசிக் கம்பியில் பேச்சையும் டேட்டாவையும் டிஜிட்டலாக அனுப்பும் பழைய முறை) இன்னும் ஒரு யூனிட்டாக இருக்கிறது. கரும்பலகையில் 2பி+டி என்று எழுதி, பேச்சும் டேட்டாவும் போகும் பி சேனல் ஒவ்வொன்றும் 64 கிலோபிட், அழைப்புக்கான மெசேஜ்கள் போகும் டி சேனல் 16 கிலோபிட் என்று சொல்லிவிட்டு அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுகிறோம். பிள்ளைகளில் ஒருவர்கூட ஐஎஸ்டிஎன் போனைக் கண்ணால் பார்த்ததில்லை. முன்பு வீடியோ கான்ஃபரன்சிங்குக்காக மூன்று பிஆர்ஐ (பேசிக் ரேட்) லைன் இருந்ததாம், ஆறு பி சேனலையும் சேர்த்து 384 கிலோபிட். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே சரண்டர் செய்துவிட்டார்கள்.

போன மாதம் ஜெர்மனியில் வேலை பார்த்துத் திரும்பிய பழைய மாணவர் ஒருவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஏவிஎம் ஃப்ரிட்ஸ்கார்டு பிசிஐ ஒன்று (முதல் பதிப்பு). பெயரே போடாத இன்னொரு பிசிஐ கார்டு, நடுவில் இருக்கும் சிப்பில் மட்டும் எச்எஃப்சி-எஸ் பிசிஐ என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு மேசை போன், தனி அடாப்டரோடு. கொஞ்சம் கேபிள்கள்.

லேபில் பிசிஐ ஸ்லாட் உள்ள பென்டியம் 4 கம்ப்யூட்டர்கள் இரண்டு சும்மா கிடக்கின்றன. ஃப்ரீபிஎஸ்டி கையேட்டின் பழைய பிரதி ஒன்றில் ஐஎஸ்டிஎன் பற்றி விரிவாக இருந்தது. அதை நம்பி ஃப்ரீபிஎஸ்டி 13 போட்டேன். கர்னல் கான்ஃபிக்கில் ஐ4பி (அதில் சொல்லியிருந்த ஐஎஸ்டிஎன் மென்பொருள்) வரிகளைச் சேர்த்தால் அப்படியொரு டிவைஸ் தெரியாது என்கிறது. பிசிஐ பட்டியலில் 1244, 1397 என்று இரண்டு கார்டும் தெரிகின்றன, ஆனால் டிரைவர் எதுவும் ஒட்டவில்லை.

கேட்க வேண்டியது மூன்று:

எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில் இந்தக் கார்டுகளுக்கு ஆதரவு இருக்கிறது?

லைன் இல்லாமல், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல், இரண்டு கம்ப்யூட்டரையும் நேராக இணைத்துக் கால் போட முடியுமா?

செட்டப், அலர்ட்டிங், கனெக்ட் என்று போகும் மெசேஜ்களைத் திரையில் காட்ட வேண்டும். முடிந்தால் அதன்மேல் ஒரு பிங்கும். நடக்குமா?


பிஆர்ஐ_முப்பது:

சென்னையில் கால் சென்டர்களுக்குப் பிஆர்ஐ லைன்களை ஆஸ்டிரிஸ்க்கில் (கம்ப்யூட்டரையே எக்ஸ்சேஞ்சாக்கும் மென்பொருள்) இறக்கிக் கொடுக்கும் வேலையை எட்டு வருடம் செய்தேன். பிஆர்ஐ என்று எழுதினால் பேசிக் ரேட், பிரைமரி ரேட் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் வருகிறது. நான் சொல்வது 30 பி சேனல் உள்ள பெரிய லைன், அதாவது இ1. நீங்கள் வைத்திருப்பது இரண்டு சேனல் உள்ள சின்ன லைனுக்கான கார்டு.

செலவுக்கு அனுமதி கிடைக்கும் என்றால் என் யோசனை, பழைய டிஜியம் இ1 கார்டு இரண்டு வாங்குங்கள். டிஇ110பி போதும். கம்பெனிகள் எஸ்ஐபி டிரங்குக்கு (இணையம் வழியாக வரும் தொலைபேசி லைன்) மாறிய பிறகு இவையெல்லாம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. போர்ட் இரண்டு உள்ள கார்டு கிடைத்தால் மதர்போர்டைப் பார்த்து வாங்குங்கள்: டிஇ205பி 5 வோல்ட் பிசிஐ, டிஇ210பி 3.3 வோல்ட் பிசிஐ. சாதாரண டெஸ்க்டாப்பில் இருப்பது 5 வோல்ட் ஸ்லாட்.

இ1இல் உள்ள வசதி என்னவென்றால் எக்ஸ்சேஞ்ச் வேஷம் போடுவது மிக எளிது. இந்தக் கார்டுகளுக்கான டாடி டிரைவரின் கான்ஃபிக்கில் ஸ்பான் வரியில் சிசிஎஸ், எச்டிபி3, சிஆர்சி4. பி சேனல்கள் 1 முதல் 15, 17 முதல் 31. டி சேனல் 16. ஒரு பக்கம் டைமிங் 0, மறுபக்கம் 1. ஆஸ்டிரிஸ்க்கில் ஒரு பக்கம் பிஆர்ஐ_நெட், மறுபக்கம் பிஆர்ஐ_சிபிஇ. கேபிளில் 1ஐ 4க்கும் 2ஐ 5க்கும் மாற்றிக் கிரிம்ப் செய்தால் போதும். பிறகு ஆஸ்டிரிஸ்க் கன்சோலில் பிஆர்ஐ டீபக்கைப் போட்டால் கியூ.931 (அழைப்பைத் தொடங்கி முடிக்கும் விதிமுறை) மெசேஜ் ஒவ்வொன்றும் வரிவரியாக விழும்.

கையில் உள்ள கார்டுகளைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. வடலி அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் அவர்தான் சொல்ல வேண்டும்.


வடலி:

தம்பி, உங்கள் பெட்டியில் பெறுமதியான பொருள் அந்தப் பெயர் இல்லாத கார்டுதான். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முதலில் ஃப்ரீபிஎஸ்டி ஏன் கைவிரித்தது என்பதைச் சொல்கிறேன். ஐ4பி என்பது ஹெல்முட் மிக்கேலிஸ் முன்னின்று எழுதிய ஐஎஸ்டிஎன்4பிஎஸ்டி. அருமையான வேலை. 2000ஆம் ஆண்டில் நான் டோர்ட்முண்டில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் ஃப்ரீபிஎஸ்டி 4ஐயும் உங்களிடம் இருக்கும் அதே ஃப்ரிட்ஸ்கார்டு பிசிஐயையும் வைத்துப் பதினாறு கணினிகளுக்கு இணையம் கொடுத்தேன், ஒரே ஒரு பி சேனலில். அந்தப் பெட்டி வருடக்கணக்காக ஓடியது. ஆனால் பல செயலிகள் உள்ள கணினிகளுக்காக ஃப்ரீபிஎஸ்டி கர்னலைத் திருத்தி எழுதியபோது, ஜயண்ட் என்ற ஒற்றைப் பூட்டை நம்பியிருந்த பகுதிகளையெல்லாம் மாற்ற வேண்டி வந்தது. ஐ4பி கடைசிவரை அந்தப் பூட்டின் கீழேயே இருந்தது. அதை மாற்றுவதென்றால் கார்டும், லைனும், நேரமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். 2008 மே மாதத்தில் மூலநிரலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 8இலிருந்து எந்தப் பதிப்பிலும் கிடையாது. நீங்கள் 13இல் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

நெட்பிஎஸ்டி இன்னும் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தது. 8 கிளை வரை இருக்கிறது, 9.0இல் நீக்கினார்கள். லினக்ஸில் இரண்டு தலைமுறை. பழையது ஐஎஸ்டிஎன்4லினக்ஸ், அதற்குள் கார்ஸ்டன் கைல் எழுதிய ஹைசாக்ஸ் டிரைவர். அது 2019இல் கர்னல் 5.3இல் போய்விட்டது. புதியது எம்ஐஎஸ்டிஎன், 2008இல் 2.6.27இல் சேர்ந்தது. 5.3க்குப் பிறகும் அது இருந்தது. அதனால் நல்ல செய்தி, உங்கள் இரண்டு கார்டுக்கும் எம்ஐஎஸ்டிஎன்னில் டிரைவர் உண்டு. ஒன்று எச்எஃப்சிபிசிஐ, மற்றது ஏவிஎம்ஃப்ரிட்ஸ்.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள், பிறகு வேறு கார்டு வாங்கப் போனாலும் உதவும். ஐஎஸ்டிஎன் கார்டில் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சிப்பைப் பாருங்கள். 1397 என்பது கொலோன் சிப் என்ற நிறுவனத்தின் எண். எச்எஃப்சி-எஸ் பிசிஐ அவர்களுடையது. அந்தச் சிப்பை வைத்து எத்தனையோ பேர் எத்தனையோ பெயரில் மலிவாகக் கார்டு விற்றார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே டிரைவர். மறுபக்கம், ஏவிஎம் என்ற ஒரே பெயரில் வந்தவை ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். ஃப்ரிட்ஸ்கார்டு பிசிஐ முதல் பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் ஃப்ரீபிஎஸ்டியில் தனித்தனி டிரைவர்கள். ஃப்ரிட்ஸ்கார்டு யூஎஸ்பிக்கு எம்ஐஎஸ்டிஎன்னில் டிரைவரே இல்லை. பி1 கார்டு முற்றிலும் வேறு சாதி: மேலேயே ஒரு டிரான்ஸ்பியூட்டர் செயலி, ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால் கியூ.921 (அதற்குக் கீழே டி சேனல் இணைப்பைப் பார்க்கும் விதிமுறை), கியூ.931 இரண்டையும் கார்டே பார்த்துக்கொள்ளும். உங்களிடம் உள்ள இரண்டும் அப்படியல்ல, பாசிவ் கார்டுகள். அவை கம்பியில் பிட்டைப் போட்டு எடுப்பதோடு சரி, மேலே உள்ள எல்லாவற்றையும் கர்னலும் மென்பொருளும் செய்ய வேண்டும். பாடம் நடத்துவதற்கு அதுதான் நல்லது. ஆக்டிவ் கார்டில் எல்லாம் கார்டுக்குள்ளேயே முடிந்துவிடும், பிள்ளைகளுக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எஸ்0 பஸ்ஸில் (கருவிகள் எல்லாம் சேர்ந்து தொங்கும் ஐஎஸ்டிஎன் கம்பி) இரண்டு வேடங்கள் உண்டு. என்டி என்பது வலைப்பின்னலின் பக்கம், டிஇ என்பது போன், கணினி போன்ற முனையங்களின் பக்கம். கடிகாரத் துடிப்பைக் கொடுப்பது என்டி. டிஇ அதைப் பின்பற்றும். இரண்டு டிஇக்களை நேராக இணைத்தால் இரண்டும் துடிப்புக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. ஃப்ரிட்ஸ்கார்டு டிஇ மட்டும்தான். எச்எஃப்சி-எஸ் என்டி ஆகவும் இருக்க முடியும். அதனால்தான் அந்தப் பெயரற்ற கார்டைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். அது இல்லாவிட்டால் உங்கள் லேபில் எக்ஸ்சேஞ்ச் இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். எச்எஃப்சி கார்டு உள்ள கணினியில் லினக்ஸ், எம்ஐஎஸ்டிஎன், அதன்மேல் எல்சிஆர் (லினக்ஸ் கால் ரவுட்டர்). அதுதான் உங்கள் எக்ஸ்சேஞ்ச். ஃப்ரிட்ஸ்கார்டு உள்ள கணினியில் நெட்பிஎஸ்டி 8. அங்கே டிரைவரின் பெயர் ஐஎஃப்பிசிஐ. கர்னல் கான்ஃபிக்கில் அந்த வரி கமெண்டில் இருந்தால் எடுத்துவிட்டுக் கர்னலைக் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் லினக்ஸே போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் ஐ4பியில் ஐஎஸ்டிஎன்ட்ரேஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. டி சேனலில் போவதை வாசிக்கக்கூடிய எழுத்தில், பிட் பிட்டாகப் பிரித்து, ஒவ்வொரு புலத்துக்கும் பெயர் போட்டுக் காட்டும். நான் கியூ.931ஐக் கற்றதே அந்தத் திரையைப் பார்த்துத்தான். லினக்ஸ் பக்கம் எம்ஐஎஸ்டிஎன்_லாக் என்ற கருவியைக் கோப்பில் எழுதச் சொன்னால் வயர்ஷார்க்கில் திறந்து பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

போனும் அதே பஸ்ஸில் தொங்கட்டும். ஒரு எஸ்0 பஸ்ஸில் எட்டுக் கருவிகள் வரை இணைக்கலாம். போனிலிருந்து நெட்பிஎஸ்டி பெட்டியைக் கூப்பிட்டால் ஒரு பி சேனலில் போன், இன்னொன்றில் கணினி, நடுவில் எல்சிஆர் இரண்டையும் இணைக்கும். அடாப்டர் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். வழக்கமாக என்டி பெட்டி 40 வோல்ட் கொடுத்துப் போனுக்கு உயிர் ஊட்டும், பிசிஐ கார்டு அதைச் செய்யாது.

பிங் விஷயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. எம்ஐஎஸ்டிஎன்னில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் கிடையாது. பழைய ஐஎஸ்டிஎன்4லினக்ஸில் இருந்த ஐபிபிபி போன்ற ஒன்றை அதில் எழுதவே இல்லை. ஆனால் நெட்பிஎஸ்டியில் ஐபிபிபி, ஐஆர்ஐபி இரண்டும் உண்டு. இன்னொரு ஃப்ரிட்ஸ்கார்டும் மூன்றாவது கணினியும் கிடைத்தால் இரண்டு நெட்பிஎஸ்டி பெட்டிகளையும் அதே பஸ்ஸில் போட்டு டேட்டா கால் போடலாம். அப்போது நடுவில் உள்ள எக்ஸ்சேஞ்ச் ஒரு பிட்டையும் மாற்றக் கூடாது. எக்கோ கேன்சலர், ஒலி அளவு எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பேச்சில் ஒரு பிட் மாறினால் காதுக்குத் தெரியாது, பாக்கெட்டில் மாறினால் பாக்கெட்டே போய்விடும்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள். அந்த அலுவலகத்தில் வேலையைத் தொடங்கி இரண்டாம் மாதம் தொலைபேசி பில் வழக்கத்தைவிடப் பல மடங்கு வந்தது. அந்த நாளில் ஜெர்மனியில் கட்டணம் அலகு அலகாக ஏறும், ஓர் அலகு 12 ஃபென்னிக். பகலில் உள்ளூர் அழைப்புக்கு 90 நொடிக்கு ஓர் அலகு. யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் லைன் ஏறி ஏறி இறங்கியிருந்தது. ஐஎஸ்டிஎன்டி என்ற ஐ4பியின் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) எழுதிய பதிவேட்டில் ஒவ்வொரு அழைப்பும், அதற்கு எத்தனை அலகு என்பதும் வரிசையாக இருந்தன, ஏனென்றால் எக்ஸ்சேஞ்ச் அந்தக் கணக்கை டி சேனலிலேயே அழைப்பு நடக்கும்போது அனுப்பிக்கொண்டிருந்தது. பதிவேட்டையும் பாக்கெட் பதிவையும் நேரம் பார்த்து ஒப்பிட்டேன். அணைக்காமல் விட்ட ஒரு விண்டோஸ் கணினி யாரோ ஒரு பக்கத்து மெஷினின் பெயரைத் தேடி வெளியே கேள்வி அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒரு சின்னப் பாக்கெட்டுக்கு ஓர் அழைப்பு. 137 முதல் 139 வரை உள்ள போர்ட்களை வெளியே போகாமல் அடைத்தேன், அடுத்த மாதம் பில் இறங்கியது.

அதே ஐஎஸ்டிஎன்டியில் இன்னொரு அமைப்பும் உண்டு. லைன் சும்மா இருந்தாலும் உடனே வெட்டாது. ஏற்கெனவே காசு கொடுத்த அலகு முடிய சில நொடி இருக்கும்போது மட்டும் வெட்டும். இதை எழுதியவர்கள் தங்கள் வீட்டு பில்லைத் தாங்களே கட்டியவர்கள் என்பது எனக்கு அன்றே தெரிந்தது. டி சேனல் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் இந்த பில்லைக் காட்டிச் சொல்லுங்கள்.

கேபிளைப் பற்றி எழுத மறந்துவிட்டேன், நேரமாகிறது. என்டி பக்கம் கிராஸ் செய்ய வேண்டும், முனைகளில் 100 ஓம். சிக்கினால் எழுதுங்கள்.


லேப்சாவி:

அண்ணா, பிஆர்ஐ_முப்பது சார், இருவருக்கும் நன்றி. இ1 கார்டுக்கு இந்த வருட பட்ஜெட்டில் இடம் இல்லை, அடுத்த வருடம் கேட்டிருக்கிறேன்.

மூன்று நாளாக உட்கார்ந்ததில், லினக்ஸில் எச்எஃப்சிபிசிஐ மாட்யூல் ஏறிவிட்டது. எம்ஐஎஸ்டிஎன்_இன்ஃபோ ஒரு போர்ட் காட்டுகிறது, டிஇ, என்டி இரண்டும் முடியும் என்கிறது. எல்சிஆரைத் தொகுப்பதில் ஒரு நாள் போனது, முதலில் எம்ஐஎஸ்டிஎன்யூசர் நூலகத்தைத் தொகுத்து நிறுவ வேண்டும் என்று தெரியவில்லை. நெட்பிஎஸ்டியிலும் கர்னல் கட்டி, ஐஎஃப்பிசிஐ கார்டைக் கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் லைன் எழவில்லை. ஐஎஸ்டிஎன்ட்ரேஸில் லேயர் 1 (கம்பி அளவிலான இணைப்பு) மட்டும் வருகிறது, எழ முயன்று மறுபடி மறுபடி எஃப்3 என்ற ஓய்வு நிலைக்கே திரும்புகிறது. லேபில் ஈதர்நெட்டுக்குப் போடும் கிராஸ் கேபிள் இருந்தது, அதைத்தான் மாட்டியிருக்கிறேன். கேபிளை டெஸ்டரில் பார்த்தேன், சரியாக இருக்கிறது.


வடலி:

ஈதர்நெட் கிராஸ் கேபிள் இங்கே உதவாது, தம்பி. அதே ஆர்ஜே45 பிளக் என்பதால் எல்லோரும் ஒரு தடவை இதில் மாட்டுவார்கள்.

ஈதர்நெட்டில் அனுப்புவதும் பெறுவதும் 1-2, 3-6 ஜோடிகளில். எஸ்0 பஸ்ஸில் 3-6, 4-5 ஜோடிகளில். டிஇ 3, 6இல் அனுப்பும், 4, 5இல் கேட்கும். உங்கள் எச்எஃப்சி கார்டின் சாக்கெட்டும் டிஇ போலத்தான் வயர் செய்யப்பட்டிருக்கிறது. மென்பொருளில் என்டி என்று சொன்னாலும் சாக்கெட் மாறாது. ஈதர்நெட் கிராஸ் கேபிள் 3, 6ஐக் கொண்டுபோய் 1, 2இல் விடுகிறது, அங்கே கேட்க ஆளில்லை. நேர் கேபிளாக இருந்தால் அனுப்பும் ஜோடி அனுப்பும் ஜோடியோடு முட்டும். உங்களுக்கு வேண்டியது 3 போய் 4இல், 6 போய் 5இல், அதேபோல் திரும்பி 4 போய் 3இல், 5 போய் 6இல். டெஸ்டர் இதைத் தப்பான கேபிள் என்று சொல்லும், கவலைப்படாதீர்கள்.

போனும் பஸ்ஸில் வருவதால், கிராஸை எச்எஃப்சி கார்டிலிருந்து வெளியே வரும் முதல் துண்டில் மட்டும் வையுங்கள். அதற்குப் பிறகு போகும் கம்பி எல்லாம் நேர். அப்புறம் 100 ஓம். 3-6க்குக் குறுக்கே ஒன்று, 4-5க்குக் குறுக்கே ஒன்று, பஸ்ஸின் இரண்டு முனையிலும். எச்எஃப்சி கார்டு சிலவற்றில் இதற்கு ஜம்பர் இருக்கும், பாருங்கள். மற்ற முனையில் கால் வாட் ரெசிஸ்டர் இரண்டை ஒரு சாக்கெட்டில் முறுக்கிவிட்டால் போதும். இரண்டு மீட்டர் கம்பியில் ரெசிஸ்டர் இல்லாமலும் ஓடிவிடும். ஆனாலும் போடுங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் ஓடியதைப் பார்த்த பிள்ளை நாளைக்கு நூறு மீட்டர் பஸ்ஸிலும் அப்படியே விட்டுவிடும். பிறகு மழைநாளில் மட்டும் விழும் லைனை யார் தேடுவது?

லேயர் 1 எழும்போது நடப்பதையும் அவர்களுக்குக் காட்டுங்கள். ஓய்வில் இருப்பது இன்ஃபோ 0. டிஇ எழுப்ப விரும்பினால் இன்ஃபோ 1 அனுப்பும். என்டி இன்ஃபோ 2 கொடுக்கும். டிஇ அதோடு துடிப்பைச் சேர்த்துக்கொண்டு இன்ஃபோ 3 அனுப்பும். என்டி இன்ஃபோ 4 கொடுத்ததும் டிஇ எஃப்7க்கு, அதாவது லைன் எழுந்த நிலைக்குப் போகும். எஃப்3இல் நின்றால் கம்பியைத் தொடுங்கள், மென்பொருளைத் தொடாதீர்கள். எஃப்7 வந்த பிறகும் கால் போகவில்லை என்றால்தான் மேலே பார்க்க வேண்டும்.


லேப்சாவி:

எஃப்7 வந்துவிட்டது அண்ணா! இன்று காலை பதினோரு மணிக்கு. இரண்டாம் வருட மாணவி ஒருவர்தான் கேபிளைக் கிரிம்ப் செய்தார், முதல் முயற்சியிலேயே.

உடனே டிஇஐ (பஸ்ஸில் கருவிக்குக் கொடுக்கும் அடையாள எண்) கேட்கும் மெசேஜ் போனது. எஸ்ஏபிஐ 63, டிஇஐ 127 என்று புத்தகத்தில் படித்ததைத் திரையில் பார்த்தோம். எக்ஸ்சேஞ்ச் பக்கமிருந்து 64 என்ற எண் கிடைத்தது. பிறகு இணைப்பைத் தொடங்கக் கேட்கும் எஸ்ஏபிஎம்இ, அதை ஏற்கும் யூஏ. வகுப்பே எழுந்து வந்து மானிட்டரைச் சுற்றி நின்றது.

ஒரே ஒரு சிக்கல். போனிலிருந்து நெட்பிஎஸ்டி எண்ணைக் கூப்பிட்டால் செட்டப் போகிறது, பதில் இல்லை. நாலு நொடி கழித்து இன்னொரு செட்டப். அதற்கும் பதில் இல்லை. அப்புறம் போனில் பிஸி டோன், காரணம் 18. ஐஎஸ்டிஎன்டி பதிவில் பொருந்தும் என்ட்ரி இல்லை என்பது போல ஒரு வரி இருக்கிறது. கான்ஃபிக் கோப்பில் உள்ளே வரும் உள்ளூர் எண்ணாக எஸ்டிடி கோடோடு சேர்த்து முழு எண்ணைப் போட்டிருக்கிறேன், 0462 என்று தொடங்கி.


வடலி:

அந்த நாலு நொடிதான் டி303 டைமர். பதில் வராவிட்டால் என்டி ஒரு தடவை மறுபடி செட்டப் அனுப்பும், அதற்கும் மௌனம் என்றால் 18, அதாவது எந்தக் கருவியும் பதில் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகள் பிழையான கான்ஃபிக்கினால் டி303ஐப் பார்த்துவிட்டார்கள், அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்.

பஸ்ஸில் ஒரு செட்டப் வந்தால் அது எல்லாக் கருவிக்கும் கேட்கும். தன் எண்ணைக் கண்டால் மட்டும் கருவி பதில் சொல்லும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கும். எல்சிஆர் அனுப்புவது நீங்கள் கொடுத்த எக்ஸ்டென்ஷன் எண்ணை மட்டும். ஜெர்மனியிலும் எக்ஸ்சேஞ்ச் ஊர்க் குறியீடு இல்லாமல்தான் எண்ணை அனுப்பியது, நானும் முதல் நாள் 0231 சேர்த்து எழுதிவிட்டு ஒரு மணிநேரம் தேடினேன். ட்ரேஸில் செட்டப்புக்குள் அழைக்கப்பட்ட எண் என்ற புலத்தைப் பாருங்கள். அங்கே என்ன இருக்கிறதோ அதை அப்படியே, ஓர் இலக்கமும் கூடாமல் குறையாமல், கான்ஃபிக்கில் எழுதுங்கள்.


லேப்சாவி:

சரியாகிவிட்டது. புலத்தில் 21 என்று இருந்தது, 21 என்று எழுதினேன்.

போனில் 21 அழுத்தினால் செட்டப், அலர்ட்டிங், கனெக்ட், கனெக்ட் அக். நெட்பிஎஸ்டி பக்கம் பதில் சொல்லும் ஸ்கிரிப்டில் மாணவர் ஒருவரின் குரலைப் பதிவு செய்து வைத்தோம், "வணக்கம், கம்யூனிகேஷன் லேப்" என்று. ஏ-லா (தொலைபேசியில் குரலைக் குறியிடும் முறை) கோப்பாக மாற்றாமல் முதலில் வைத்ததால் இரைச்சல் மட்டும் கேட்டது, மாற்றியதும் தெளிவாக வந்தது. போனை வைத்ததும் டிஸ்கனெக்ட், காரணம் 16, ரிலீஸ், ரிலீஸ் கம்ப்ளீட்.

கிராஸ் கேபிளில் சிவப்பு டேப் சுற்றி "எஸ்0 மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறோம். பழைய மாணவரிடம் இன்னொரு ஃப்ரிட்ஸ்கார்டு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். முதல் பதிப்பா இரண்டாம் பதிப்பா என்று பார்த்து அனுப்பச் சொன்னேன்.


பிஆர்ஐ_முப்பது:

என்னிடம் டிஇ110பி ஒன்று அலமாரியில் கிடக்கிறது, இ1 ஜம்பரோடு. அடுத்த மாதம் நாகர்கோவில் போகும் வழியில் உங்கள் லேபில் கொடுத்துவிட்டுப் போகிறேன். இன்னொன்றை மட்டும் பட்ஜெட்டில் வாங்குங்கள்.